அறுபதுக்கு மேல் பல் காப்பீடு: எது கிடைக்கும், எது கிடைக்காது

போன ஆவணியில் என் பெரியப்பா தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு 68 வயது. பைக்குள் ஒரு காப்பீட்டுப் புத்தகம், ஒரு பல் எக்ஸ்ரே, இரண்டு பில், நாலே வரியில் ஒரு கடிதம். கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி, ராமநாதபுரத்துக்கு நாலு தடவை பஸ் ஏறிப் போய் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துகொண்டிருந்தார். செலவைத் திருப்பித் தரும்படி காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிப் போட்டதற்கு வந்த பதில்தான் அந்தக் கடிதம். பல் சிகிச்சை இந்தப் பாலிசியில் சேராது என்றிருந்தது.

"ஆறு வருஷமாக் கட்டுறேன்ப்பா. பல்லு என் உடம்புல இல்லையா?"

நியாயமான கேள்வி. பாலிசி பிடித்துக் கொடுத்தவர் "எல்லாம் கவர் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா நம்பியிருக்கிறார். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று எங்கள் கரை முழுக்க இதே நம்பிக்கையோடு பணம் கட்டும் பெரியவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், "பல்லுக்கெல்லாம் இன்சூரன்ஸே கிடையாது" என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. அறுபது தாண்டிய ஒருவரோ, அவருடைய பிள்ளைகளோ பணம் கட்டும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியதை ஒன்றிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

படகுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று

பெரியப்பா நாற்பது வருஷம் கடல் தொழில் பார்த்தவர். அதனால் அவருக்குப் புரிந்த கணக்கிலிருந்தே ஆரம்பித்தேன்.

படகு வைத்திருப்பவருக்கு இரண்டு விதமான செலவு உண்டு. ஒன்று, புயலில் படகே போய்விடுவது. எப்போதாவதுதான் நடக்கும். நடந்தால் குடும்பமே எழ முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிக் கேட்டு வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. இன்னொன்று, வலைக் கிழிசல். பாறையில் மாட்டும், நண்டு கடிக்கும், வெயிலில் நூல் இற்றுப்போகும். வாரம் தவறாமல் உட்கார்ந்து சரிசெய்தாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் செலவு பெரிதில்லை, ஆனால் அது நின்றபாடும் இல்லை.

காப்பீடு என்ற ஏற்பாடு முதல் வகைக்காக உருவானது. ஆயிரம் படகுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வைத்தால், அந்த வருஷம் படகை இழந்த இரண்டு பேரைத் தூக்கி நிறுத்திவிடலாம். 998 பேர் வாங்காமல் இருப்பதால்தான் இரண்டு பேருக்குக் கொடுக்க முடிகிறது. ஆளுக்குப் போடும் அந்தத் தொகைக்குப் பெயர்தான் பிரீமியம்.

இதையே வலைக் கிழிசலுக்குச் செய்து பாருங்கள். ஆயிரம் பேரும் போடுவார்கள், ஆயிரம் பேருமே கேட்பார்கள். அப்போது ஒவ்வொருவரும் தன் வலைச் செலவைத்தான் கட்டியாக வேண்டும். அதற்கு மேல் கணக்கு எழுதுபவருக்குச் சம்பளம் வேறு. இது காப்பீடு ஆகாது. கிட்டத்தட்ட ஏலச்சீட்டு. போட்டதில் கழிவு போக மீதி கையில் வரும், அவ்வளவுதான்.

இதய அறுவை சிகிச்சை படகு மாதிரி. பல், வலை மாதிரி. அறுபதைத் தாண்டியவருக்குப் பல்லில் ஏதோ ஒரு வேலை வரும் என்பது ஏறக்குறைய நிச்சயம். ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும், அந்த வேரில் சொத்தை விழும். ரத்த அழுத்தம் உள்ளிட்ட பல நோய்களுக்குச் சாப்பிடும் மாத்திரைகளில் சில வாயை உலர்த்தும். எச்சில் குறைந்தால் சொத்தை வேகமாகப் பரவும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் ஈறு நோய் கூடும், ஈறு நோய் கூடினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கஷ்டமாகும். இதில் எதுவும் திடீர் விபத்து கிடையாது. மெல்ல மெல்ல வரும் தேய்மானம்.

தேய்மானம் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், எவற்றுக்கெல்லாம் பணம் கிடைக்காது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை, பல் தேய்மானம், ஈறு நோய், இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் டைட்டானியம் திருகை இறக்கி அதன் மேல் பல் வைப்பது) எல்லாம் அதில் வரிசையாக வருகின்றன. பெரியப்பாவின் கேள்விக்குப் பதில் இதுதான். பல்லும் உடம்பில் ஒன்றுதான், ஆனால் பல்லுக்கு வரும் செலவு காப்பீட்டின் கணக்குக்குள் சுலபமாக அடங்குவதில்லை.

பாலிசிக்குள் பல் எங்கே இருக்கிறது

இந்தியாவில் பல்லுக்கு மட்டும் என்று தனி பாலிசி மிக அரிது. நாம் வாங்குவது மருத்துவக் காப்பீடு. பல் அதற்குள் எங்காவது ஓர் ஓரத்தில் இருக்கும், அல்லது இருக்காது. எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

மருத்துவக் காப்பீட்டின் அடிப்படை நிபந்தனை மருத்துவமனையில் படுப்பது. பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருக்க வேண்டும். ஒரு நாளுக்குள் முடியும் சில சிகிச்சைகளை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்திருப்பார்கள். பல் வைத்தியமோ நாற்காலியில் உட்கார்ந்து அரைமணி, ஒரு மணியில் முடிவது. சிகிச்சை முடிந்து நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறோம். இப்படிப் படுக்காமல் பார்த்துக்கொள்ளும் வைத்தியத்துக்கு ஓபிடி, அதாவது புறநோயாளி சிகிச்சை என்று பெயர். சாதாரண பாலிசியில் ஓபிடி கிடையாது. பெரியப்பாவின் விண்ணப்பம் திரும்பி வந்தது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் பல்லுக்கு எப்போது கிடைக்கும்? விபத்தில் தாடை உடைந்து, பல் பெயர்ந்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தால் பெரும்பாலான பாலிசிகள் கொடுக்கும். ஆரோக்ய சஞ்சீவனி என்று ஒரு பாலிசி இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரியான நிபந்தனைகளோடு விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. அதில் நோயாலோ காயத்தாலோ தேவைப்படும் பல் சிகிச்சைக்கு இடம் உண்டு. ஆனால் அதுவும் மருத்துவமனைச் சேர்க்கை என்ற கூரைக்குக் கீழேதான். பல்லுக்கு மேல் கேப் (உறை) போட்ட பில்லை நீட்டினால் வராது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வாய்ப் புற்றுநோய் பல் சிகிச்சை ஆகாது. அது புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு எல்லாம் மருத்துவக் காப்பீட்டில் மற்றப் புற்றுநோய்களைப் போலவே வரும், அரசுத் திட்டங்களிலும் வரும். எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கும் புகையிலையும் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. "வாய்க்கெல்லாம் இன்சூரன்ஸ் வராதாமே" என்று நினைத்துக்கொண்டு ஆறாத புண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஆத்தாக்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் முழுதாகத் திறக்க முடியாமல் போவது, இவற்றில் எது இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. கூடுதல் பணம் கட்டினால் ஓபிடியைச் சேர்த்துத் தரும் பாலிசிகள் இருக்கின்றன. சிலவற்றில் ஓபிடிக்குள் பல்லும் அடங்கும். சிலவற்றில் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்று ஒரு சிறு தொகை பல்லுக்கும் கண்ணுக்கும் ஒதுக்கியிருப்பார்கள். பெரிய கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் குழுக் காப்பீட்டிலும் சில சமயம் பெற்றோரின் பல் செலவுக்கு இடம் இருக்கும். என் சித்திக்கு அப்படித்தான் கிடைத்தது. மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியும் அது இருப்பது இவருக்குத் தெரியாது. வெளியில் பாலிசி தேடும் முன் பிள்ளைகளிடம் இதை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். செலவில்லாத வேலை.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: படுத்துச் செய்யும் பெரிய சிகிச்சைக்குச் சாதாரண பாலிசி உதவும். நாற்காலியில் செய்யும் பல் வேலைக்கு ஓபிடி என்ற பகுதி இருந்தால் மட்டும், ஓர் அளவுக்குக் கிடைக்கும்.

ஓபிடி இருக்கிறது என்றால் போதுமா

போதாது. மூன்று சொற்களைத் தேடிப் படிக்க வேண்டும்.

முதல் சொல் காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த நாளிலிருந்து இத்தனை மாதம் வரை இந்தச் சிகிச்சைக்குக் கேட்கக் கூடாது என்ற நிபந்தனை. இது ஏன் என்று பலருக்குக் கோபம் வரும். காரணம் எளிது. பல் வலி வந்த பிறகு பாலிசி எடுத்து, சிகிச்சை முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்றால் வலி உள்ளவர் மட்டுமே சேருவார். ஆயிரம் பேர் போட்டு இரண்டு பேர் எடுக்கும் ஏற்பாடே கலைந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்பு மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி. அதற்கு முன்பு நாலு வருஷம்.

இரண்டாவது உச்சவரம்பு. பாலிசியின் முகப்பில் ஐந்து லட்சம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பல்லுக்கு அதில் எவ்வளவு என்பது உள்ளே வேறு பக்கத்தில், சின்ன எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்துத் தொகை.

மூன்றாவது இணைச் செலுத்தல். கோ-பே என்று ஏஜெண்டுகள் சொல்வது இதைத்தான். பில்லில் இத்தனை சதவீதம் நம் கையிலிருந்து போட வேண்டும் என்பது. முதியவர்களுக்கான பாலிசிகளில் இது அடிக்கடி இருக்கும். பிரீமியம் குறைவாகத் தெரிந்தால் பெரும்பாலும் இது கூடுதலாக இருக்கும்.

இவை போக, நம் கரைக்காரர்கள் தனியாகக் கேட்க வேண்டிய ஒன்றும் உண்டு. சில ஓபிடி திட்டங்கள் அவர்களோடு ஒப்பந்தம் உள்ள கிளினிக்கில் மட்டுமே செல்லும். அந்தப் பட்டியலில் சென்னையும் கோவையும் பக்கம் பக்கமாக இருக்கும். ராமேஸ்வரத்திலோ ராமநாதபுரத்திலோ ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரைக்குப் போக ஒரு பக்கமே சுமார் 170 கிலோமீட்டர். வேர் சிகிச்சைக்கு மூன்று நாலு தடவை போக வேண்டியிருக்கும். துணைக்கு ஓர் ஆளையும் கூட்டிக்கொண்டு அத்தனை முறை மதுரைக்குப் போய்வந்தால், மிச்சம் பிடித்தது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே போய்விடும்.

முதலில் பல்லை எண்ணுங்கள்

பாலிசியை எடுத்துப் படிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. யாரும் செய்வதில்லை.

பெரியப்பாவைத் திண்ணையில் உட்கார வைத்து, நான் செல்போன் விளக்கைப் பிடித்தேன். அவர் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டார். மேல் வரிசையில் ஒன்பது பல், கீழே பன்னிரண்டு. மேலே இடது பக்கம் கடைவாயில் ஒரு பல்லும் இல்லை, இருபது வருஷம் முன்பு பிடுங்கியது. கீழே முன்பல் இரண்டு நாக்கால் தள்ளினால் அசைந்தன. வேர் சிகிச்சை முடிந்த பல்லுக்கு இன்னும் கேப் போடவில்லை. அத்தனையையும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினோம். "படகைக் கரையில ஏத்தி அடிப்பலகை பார்க்குற மாதிரி இருக்கு" என்றார்.

அந்தத் தாளைப் பல் மருத்துவரிடம் கொண்டுபோய், அடுத்த மூன்று வருஷத்தில் என்னென்ன வேலை வரும், தோராயமாக எவ்வளவு ஆகும் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டோம். தயங்காமல் எழுதிக் கொடுத்தார். கேப் ஒன்று, அசையும் பற்களைச் சுற்றி ஈறு சுத்தம், மேலே காலியிடத்துக்குக் கழற்றி மாட்டும் பகுதிப் பல்செட். இம்ப்ளாண்ட் அவருக்கு அவசியம் இல்லை என்றும் சொன்னார்.

இந்தத் தாள் இல்லாமல் பாலிசி எடுப்பது, வலையின் அளவு தெரியாமல் நூல் வாங்குவது போல. பற்கள் நன்றாக இருப்பவருக்கு வருஷம் ஒரு முறை சுத்தம் செய்வதே செலவு, அதற்குப் பாலிசி தேவையில்லை. பல்லே இல்லாதவருக்கு முழு பல்செட் ஒன்று, சில வருஷம் கழித்து எலும்பு தேய்ந்து அது தளர்ந்தால் மறுபடி சரிசெய்வது, அவ்வளவுதான். நடுவில் இருப்பவர்களுக்குத்தான், பாதிப் பல் நன்றாகவும் பாதி ஆட்டத்திலும் உள்ளவர்களுக்குத்தான், கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

பேப்பரில் போட்ட கணக்கு

பெரியப்பாவுக்குப் போனில் வந்த ஒரு ஓபிடி திட்டத்தை எடுத்துக்கொண்டோம். தொகைகளைக் கணக்குக்கு எளிதாக மாற்றிச் சொல்கிறேன்.

கூடுதல் பிரீமியம் வருஷத்துக்கு 9,000 ரூபாய். ஓபிடி உச்சவரம்பு 10,000. அதில் பல்லுக்கு அதிகபட்சம் 5,000. இணைச் செலுத்தல் 20 சதவீதம். அந்த வருஷம் பல்லுக்கு ஆகும் செலவு 12,000 என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதம் போக 9,600 வர வேண்டும். ஆனால் வரம்பு 5,000 என்பதால் 5,000தான் வரும். மீதி 7,000 கையிலிருந்து. பிரீமியத்தையும் சேர்த்தால் மொத்தச் செலவு 16,000. பாலிசியே இல்லாமல் இருந்திருந்தால் 12,000.

"இதுக்கு நான் சும்மாவே இருந்திருக்கலாமே" என்றார். பல்லை மட்டும் பார்த்தால் உண்மைதான். ஆனால் இங்கேயும் அவசரப்படக் கூடாது. அதே திட்டத்தில் மீதி 5,000 டாக்டர் ஃபீஸுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் இருக்கிறது. மாதாமாதம் சர்க்கரைக்குப் பார்ப்பவர், அந்தச் செலவை எப்படியும் செய்கிறவர், ரசீதுகளை ஒழுங்காக எடுத்து வைப்பவர் என்றால் 9,000 கட்டி 10,000 வரை எடுக்க முடியும். லாபம் பெரிதில்லை, நஷ்டமும் இல்லை. பெரியப்பா ரசீது வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. அதனால் அவருக்கு அது ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். சில கிளினிக்குகள் வருஷச் சந்தா வாங்கிக்கொண்டு ஓர் அட்டை தருகின்றன. அதைக் காட்டினால் கட்டணத்தில் தள்ளுபடி. அது காப்பீடு இல்லை, கடைக்காரர் தரும் தள்ளுபடிதான். அந்தக் கிளினிக்குக்கே போகிறவர் என்றால் உபயோகமாக இருக்கலாம். தகராறு வந்தால் காப்பீட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காணொளிகள்

கீழக்கரையிலிருந்தும் பெரியபட்டினத்திலிருந்தும் வெளிநாடு போன பிள்ளைகள், பெற்றோருக்குப் பல் காப்பீடு பற்றிய காணொளிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியதாக இருக்கும். பார்த்துவிட்டு "அந்த பிளான் வேணும்" என்று இங்கே கேட்கிறார்கள். அங்கே நிலைமை வேறு.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. அதன் அடிப்படை வடிவம் பல் சுத்தம், சொத்தை அடைப்பது, பல்செட் போன்ற வழக்கமான பல் வேலைகளுக்குப் பணம் தருவதில்லை. அதனால்தான் அங்கே தனிப் பல் காப்பீட்டுக்குப் பெரிய சந்தை இருக்கிறது. அவற்றில் பரவலான அமைப்பு 100-80-50. சுத்தம், பரிசோதனைக்கு முழுப் பணம், சொத்தை அடைக்க 80 சதவீதம், கேப்பும் பல்செட்டும் என்றால் பாதி. வருஷ வரம்பு பெரும்பாலும் 1,000 முதல் 2,000 டாலர். பெரிய வேலைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருஷம் என்று காத்திருப்பு. பாலிசி எடுக்கும் முன்பே விழுந்துவிட்ட பல்லின் இடத்துக்குப் புதுப்பல் கட்டப் பணம் தர மாட்டோம் என்ற நிபந்தனையும் பல திட்டங்களில் உண்டு. தேசம் மாறினாலும் வலைக் கணக்கு மாறவில்லை பாருங்கள். அங்கேயும் வரம்பு, அங்கேயும் காத்திருப்பு.

அரசு வழியில் என்ன கிடைக்கும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் ஐந்து லட்சம் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் ஆயுஷ்மான் திட்டத்தை விரிவாக்கியது. இரண்டுமே மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கானவை. தாடை முறிவு, வாய்ப் புற்றுநோய் போன்றவற்றுக்கு உதவும். பல்செட்டுக்கு இந்த அட்டையை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் எங்கள் மாவட்டத்தில் நிறையப் பேர். கமுதி, முதுகுளத்தூர், சாயல்குடி பக்கம் கேட்கவே வேண்டாம். அவர்களுக்கான இ.சி.எச்.எஸ் திட்டத்தில் பல் வைத்தியமும் சேர்த்தி. ஓய்வூதியம் வாங்கும் முன்னாள் ராணுவத்தினரும் அவருடைய மனைவியும் தனியாகப் பல்லுக்குப் பணம் கட்டும் முன்பு அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் விசாரித்துவிட வேண்டும்.

அப்புறம் காப்பீடே இல்லாத வழி ஒன்று இருக்கிறது. அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. ராமநாதபுரத்தில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. பல் பிடுங்குவது, சொத்தை அடைப்பது, சுத்தம் செய்வது எல்லாவற்றுக்கும் முதலில் அங்கே போய்ப் பார்க்கலாம். தொண்டி பக்கத்துக்காரர்களுக்கு அறந்தாங்கி வழியாகப் போனால் புதுக்கோட்டையில் 2023-ல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள். நேரம் கூட ஆகும், ஒரே வேலைக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள், செலவு குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எங்கே போனாலும் அதை முதலில் சொல்லிவிடுங்கள். இதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட்டுப் பல் பிடுங்கப் போகாதீர்கள்.

வாங்குவதென்று முடிவு செய்தால்

வயதைக் காட்டிப் பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். 65 வயது வரை உள்ளவர்களுக்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு கொடுத்தால் போதும் என்று நிறுவனங்களுக்கு இருந்த விதி 2024 ஏப்ரலோடு போய்விட்டது. எந்த வயதினருக்கும் பாலிசி வடிவமைக்க நிறுவனங்களுக்கு வழி திறந்திருக்கிறது. அறுபது தாண்டியவர்களின் பிரீமியத்தை ஒரே வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமென்றால் ஆணையத்தைக் கேட்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22-லிருந்து இல்லை. அதற்கு முன்பு 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தோம்.

விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். "இதையெல்லாம் எழுதாதீங்கய்யா, பிரீமியம் ஏறும்" என்று ஏஜெண்ட் சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். பணம் கேட்கும் நாளில் அவர் நம் பக்கத்தில் இருக்க மாட்டார், அந்தத் தாள்தான் இருக்கும். "பல் உண்டா?" என்று கேட்பதை விட "பல்லுக்கு வருஷத்துக்கு எத்தனை ரூபாய், எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். பக்க எண்ணைச் சொல்லத் தெரியாதவரின் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை.

பாலிசி கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாள், அதைப் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுக்கும் உரிமை நமக்கு உண்டு. இருந்த நாட்களுக்கான பங்கும் சில சிறு செலவுகளும் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். புத்தகம் வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டுவதுதான் நம் பழக்கம். அந்த ஒரு மாதம் அது வெளியே, கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும்.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்கவில்லை என்று தோன்றினால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. ஆணையத்தின் உதவி எண் 155255.

மருத்துவக் காப்பீடே எடுக்காத அறுபது வயதுக்காரர்களுக்கு வருமான வரியில் ஒரு வழி இருக்கிறது. பழைய வரிமுறையில் இருந்தால், தங்கள் மருத்துவச் செலவில் வருஷத்துக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது, அதனால் கார்டிலோ யுபிஐயிலோ கட்டி ரசீதை வைத்திருக்க வேண்டும்.

பெரியப்பா ஓபிடி திட்டத்தை எடுக்கவில்லை. மருத்துவமனைக்கான பழைய பாலிசியை அப்படியே தொடர்கிறார். புயலுக்கு அது வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. பல்லுக்கென்று தபால் ஆபீசில் மாதம் 800 ரூபாய் ஆர்.டி. கட்டுகிறார். கேப்பைக் கார்த்திகையில் போட்டார். பகுதிப் பல்செட் தை மாதம் வந்தது. முதல் வாரம் ஈறில் உரசி வலித்தது, இரண்டு முறை போய்த் தேய்த்துச் சரிசெய்துகொண்டு வந்தார். இப்போது ராத்திரி கழற்றி, ஒரு எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா நண்டு வைத்திருந்தார். இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டதாக எனக்குப் போன் செய்து சொன்னார்.